மனு கொடுத்த அன்று ராத்திரி

உடையார்பாளையம் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. வயசானவர்கள் யாரும் "எம்புள்ள அடிக்கிறான்" என்று ஆரம்பிப்பதில்லை. முதியோர் பணம் நின்னுபோச்சு, ரேஷன் கார்டு தொலைஞ்சுபோச்சு, பட்டாவுல பேரு மாறிக் கெடக்கு என்றுதான் பேச்சு தொடங்கும். விசாரித்துப் பார்த்தால் பணம் நிற்கவே இல்லை. மாதாமாதம் 1,200 ரூபாய் கணக்கில் ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஏடிஎம் கார்டு மகனின் சட்டைப்பையில் இருக்கும்.

"கார்டு யாருகிட்ட இருக்கு ஆயா?"

"எம்புள்ளகிட்டதாம்ப்பா. பத்திரமா வச்சிருக்கான்."

கேள்வி முடிவதற்குள் இப்படிப் பதில் வந்து விழுந்தால் நான் பேனாவை மூடிவிடுவேன். இன்னும் கேட்க வேண்டியது இருக்கிறது என்று அர்த்தம். கூட வந்தவர் பக்கத்தில் நின்றால் எதுவும் வெளிவராது. "ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு எடுத்துக்கிட்டு வாங்க தம்பி" என்று மகனையோ பேரனையோ கடைக்கு அனுப்பிவிடுவேன். அந்தப் பத்து நிமிஷம் போதும்.

கன்றிப்போன கையைப் பார்த்ததும் அடி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வயசானால் தோல் காகிதமாக மெலிந்துவிடும். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு நிலைப்படியில் இடித்தாலே கறுத்துவிடும். ஆனால் இரண்டு புஜத்திலும் விரல் பதிந்த தடம், இரண்டு மணிக்கட்டிலும் தடிப்பு, ஒன்று பழுத்து மஞ்சளாக, இன்னொன்று புதுசாக என்றால் அது நிலைப்படி வேலை இல்லை. எப்படி விழுந்தீர்கள் என்று அவரிடம் தனியாகவும் வீட்டாரிடம் தனியாகவும் கேளுங்கள். கதை இரண்டாக இருக்கும்.

அடியைவிட நான் அதிகம் பார்த்தது தண்ணீர் விஷயம். சித்திரை வெயிலில் உதடு வெடித்து வந்து உட்கார்ந்திருப்பார்கள். சொம்பை நீட்டினால் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவார்கள். "குடிச்சா ராத்திரி எந்திரிக்கணும், ஏசுவாங்க" என்பார்கள். படுக்கையை நனைத்துவிடுவார் என்று தண்ணீரையும் சோற்றையும் குறைப்பது பல வீடுகளில் பழக்கமாகவே இருக்கிறது. அதைக் கொடுமை என்று யாரும் நினைப்பதில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் சர்க்கரை, பிரஷர் மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பிரிக்காமல் கிடந்தாலும் தப்பு, மாத நடுவிலேயே தீர்ந்திருந்தாலும் தப்பு. வெட்டாத நகம், காணாமல்போன தோடு, பகலெல்லாம் தூக்கம், புட்டத்தில் படுக்கைப் புண் எல்லாம் தனித்தனியாகச் சின்ன விஷயம்தான். சேர்ந்து வந்தால் சின்னது இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம். புருஷன் திருப்பூரிலோ துபாயிலோ இருக்க, படுத்த படுக்கையான மாமியாரை ஒற்றை ஆளாகத் தூக்கிக் கழுவி, அதற்கு மேல் தறியிலும் உட்காரும் மருமகள்கள் இந்தப் பக்கம் உண்டு. அவர்கள் ஒருநாள் கத்துவதையும், குடிக்காகக் கார்டைப் பிடுங்கும் மகனையும் ஒரே மனுவில் எழுத என் கை வராது. அந்த மருமகளுக்கு வேண்டியது மாற்று ஆள்; நாத்தனார்கள் முறை வைத்து வந்தாலே பாதி தீரும்.

பெரிய வழக்கெல்லாம் கொல்லையிலிருந்துதான் கிளம்புகிறது. முந்திரிக்கொல்லையை மகன் பேருக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கும்வரை கறிச்சோறு. பத்திரம் பதிந்த பிறகு திண்ணை. உயில் என்றால் உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாம்; செட்டில்மென்ட் அப்படி இல்லை. ஆகவே எழுதியே தீர வேண்டுமானால் "ஆயுள்வரை உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் பார்த்து வர வேண்டும்" என்ற வரியையும், ஆயுள்கால அனுபவ உரிமையையும் பத்திரத்தில் ஏற்றச் சொல்லுங்கள். எழுத்தர் வேண்டாம் என்றாலும் விடாதீர்கள்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்தவர்களுக்கும் வழி இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்ய இடம் தருகிறது. அந்த நிபந்தனை பத்திரத்தில் வெளிப்படையாக இல்லையே என்றுதான் பலர் திரும்பிப் போனார்கள். நாகப்பட்டினத்தில் எண்பதைத் தாண்டிய ஒரு தாய் மகனுக்கு எழுதிக் கொடுத்த செட்டில்மென்டை அங்குள்ள கோட்டாட்சியர் ரத்து செய்ய, மருமகள் மேல்முறையீட்டுக்குப் போனார். 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினால் கொடுத்ததிலேயே அந்த நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று ரத்தை உறுதி செய்தது. அதே ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு மத்தியப் பிரதேச வழக்கில் இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகவே வாசிக்க வேண்டும் என்றது. ஆனாலும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒரு கதை உண்டு. எழுதிய சூழ்நிலையை, யார் என்ன வாக்குக் கொடுத்தார் என்பதை மனுவில் விவரமாகச் சொல்ல வேண்டும்.

கோட்டாட்சியர்தான் இந்தச் சட்டப்படி தீர்ப்பாயத் தலைவர். வக்கீல் இல்லாமலே மனு போடலாம். அறுபது வயது ஆகியிருக்க வேண்டும். பெற்றோர் என்றால் வயது பார்ப்பதில்லை. பிள்ளை இல்லாதவர், தன் சொத்துக்கு வாரிசாக வரப்போகும் உறவினர்மேல் போடலாம். நடக்க முடியாதவருக்காக அவர் ஒப்புதலோடு வேறொருவர் போடலாம். மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்து 90 நாளில் முடிக்க வேண்டும், மிஞ்சினால் இன்னொரு 30 நாள். அதுவரை இடைக்காலத் தொகையும் கேட்கலாம். இந்த ஒரு வரியை எழுத மறந்துவிடுகிறார்கள். அரியலூரில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவிலும் சட்டத்தின் பெயரைத் தலைப்பிலேயே எழுதுங்கள். வெறுமனே "நடவடிக்கை எடுக்கவும்" என்றிருந்தால் அது மேசை மேசையாகச் சுற்றும்.

இவ்வளவும் காகித வேலை. மனு கொடுத்த அன்று ராத்திரி அந்த ஆயா எங்கே படுப்பார் என்பதுதான் நான் முதலில் கேட்பது. காலையில் எழுதிய மனு சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். மகன் குடித்துவிட்டு வருவான். அதனால் மகள் வீடோ, தம்பி வீடோ, நம்பிக்கையான பக்கத்து வீடோ ஒன்று முடிவான பிறகுதான் மனு உள்ளே போக வேண்டும். மாத்திரை, ஆதார், வங்கிப் புத்தகம், மூக்குக் கண்ணாடி எல்லாம் அதற்கு முந்தின நாளே இடம் மாறியிருக்க வேண்டும். போக்கிடம் இல்லாத பெண்கள் என்றால் 181-இல் பேசினால் மாவட்டத்திலுள்ள சகி மையத்தில் தற்காலிகமாகத் தங்கலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மருமகளுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். அடிபடும் தாயும் அதில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அடி நடந்துகொண்டிருக்கும்போது மனு எதற்கு, 112 தான்.

"எம்புள்ளைய போலீஸ்ல புடிச்சிக் குடுத்துடாத சாமி" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். தண்டனை கேட்டால் பாதிப் பேர் ரேகை வைக்காமலே எழுந்து போய்விடுவார்கள். சோறும் மாத்திரையும் கார்டும் கேட்டால் வைப்பார்கள். தீர்ப்பாயமும் முதலில் சமரச அலுவலரிடம் அனுப்பிப் பேசிப் பார்க்க முடியும். அங்கே மகன் ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள்: எந்தத் தேதியில், எவ்வளவு, யார் கணக்கில். உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதம்வரை சிறை உண்டு என்பதைச் சொல்லும் இடமும் அதுதான்.

அண்ணன் வீட்டில் இருக்கும் மனவளர்ச்சி குன்றிய தங்கைக்கு அறுபது வயது ஆகியிருக்காது. அவருக்கு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். கட்டிவைப்பது, பட்டினி போடுவது, அவர் பேரில் வரும் உதவித்தொகையைத் தின்பது எதைக் கண்டாலும் யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவருக்குத் தகவல் தரலாம். தாசில்தாரும் கோட்டாட்சியரும் நிர்வாக நடுவர்கள்தான்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னிடம் வந்து தயங்குவார்கள்: "நமக்கெதுக்கு பொல்லாப்பு?" அவர்களுக்கு முதியோர் உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணம் இல்லை. பேசும்போது உங்கள் கோபத்தைச் சொல்லாதீர்கள், பார்த்ததைச் சொல்லுங்கள். "கொடுமை பண்றாங்க" என்பதைவிட "நேத்து காலையிலேர்ந்து கதவு வெளியில பூட்டியிருக்கு, உள்ள கெழவி கூப்புடுது" என்பதற்கு ஆள் சீக்கிரம் வரும். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மனுவைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். நகலும் சீட்டும் அந்த வீட்டுக்குள் இருக்கக் கூடாது. மகளிடமோ, நோட்டில் எழுதி வைத்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடமோ கொடுத்துவிடச் சொல்வேன்.