ஸ்கேல் சொன்ன தூரம், ரோடு சொன்ன நேரம்



தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். எட்டாம் வகுப்பிலேயே படித்த சூத்திரம். இந்தச் சூத்திரத்தை வைத்துத்தான் எங்கள் சித்தப்பாவின் விமானத்தைத் தவறவிட்டேன்.

எங்கள் வீடு மதுரை விமான நிலையத்துக்குப் பக்கம், பெருங்குடியில். சித்தப்பாவுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. டிக்கெட் திருச்சியிலிருந்து, பகல் 1 மணிக்கு. "தம்பி, எத்தனை மணிக்குக் கிளம்பணும்? நீதானே சர்வே படிக்கிறவன்" என்றார்.

அட்லஸை விரித்து ஸ்கேல் வைத்தேன். 124 கி.மீ. கார் 80-ல் போகும். 124 ÷ 80 = 1 மணி 33 நிமிடம். "பத்து மணிக்குக் கிளம்பினா போதும் சித்தப்பா, பதினொன்றரைக்குப் போயிடலாம்" என்றேன். போய்ச் சேர்ந்தது 12.20-க்கு. கவுண்ட்டரை 12 மணிக்கே மூடிவிட்டார்கள். மறு டிக்கெட்டுக்கு அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது.

பிழை எங்கே?

முதலில் தூரத்தைப் பார்ப்போம். மதுரை விமான நிலையம் வட அட்சம் 9.83°, கிழக்குத் தீர்க்கம் 78.09°. திருச்சி 10.77°, 78.71°. அட்ச வித்தியாசம் 0.94°. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்றால் 104 கி.மீ. தீர்க்க வித்தியாசம் 0.62°. நம் அட்சத்தில் ஒரு பாகை 111 × cos 10°, அதாவது சுமார் 109 கி.மீ. ஆக 68 கி.மீ. இனி பிதாகரஸ்: 104², 68² இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 124 கி.மீ.

ஆக, ஸ்கேல் பொய் சொல்லவில்லை. ஆனால் அது காக்கை பறக்கும் தூரம். ரோடு மேலூர், கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சி, விராலிமலை என்று வளைந்து போகிறது. நிலையத்துக்கு நிலையம் சுமார் 140 கி.மீ.

அடுத்தது வேகம். ஸ்பீடாமீட்டரில் 80 தெரியும். ரிங் ரோடு சிக்னல், சுங்கச்சாவடி, ஒரு டீ எல்லாம் சேர்ந்தால் சராசரி 60-தான். 140 ÷ 60 = 2 மணி 20 நிமிடம். அன்றைக்கு ஆன நேரம் அச்சு அசலாக இதுதான்!

விமானத்தில் போனால்?

இதே தூரத்தை ஏடிஆர் மாதிரிச் சிறிய விமானத்தில் பறப்பதாக வைத்துக்கொள்வோம். வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. சூத்திரப்படி 15 நிமிடம். ஆனால் முன்கூட்டியே போய்க் காத்திருக்க 90 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக, மேலே ஏற, சுற்றி இறங்க 20. பெட்டி வந்து வெளியேற 20. மொத்தம் 145 நிமிடம், அதாவது 2 மணி 25 நிமிடம். காருக்கும் விமானத்துக்கும் ஐந்தே நிமிடம்தான் வித்தியாசம்!

காரணம், காத்திருப்பு நேரம் தூரத்தோடு குறைவதில்லை. தூரம் சிறிதானால் காத்திருப்பே பயணத்தை விழுங்கிவிடும். சென்னை, டெல்லி என்று தூரம் நீண்டால்தான் விமானத்தின் வேகம் கைகொடுக்கும்.

ஆகவே நண்பர்களே, முதலில் நிற்கிற நேரங்களைத் தனித்தனியே எழுதிக் கூட்டுங்கள். பிறகு ரோட்டுத் தூரத்தைச் சராசரி வேகத்தால் வகுங்கள். கடைசியில் அரை மணி சேருங்கள்.

சித்தப்பா என்னைத் திட்டவில்லை. "அடுத்த தடவை ரோட்டை அளந்து சொல்லுடா" என்றார், அவ்வளவுதான். அவர் முதல் சம்பளத்தில் அம்மாவின் வளையல் திரும்பி வந்துவிட்டது. அந்த ஸ்கேலை மட்டும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

— இறுதியாண்டு சிவில் மாணவன்