தோட்டத்து உரமும் கிணற்று நீரும்

கும்பம் வைப்பதும் சுவாமிக்குத் திருமஞ்சனம் ஆட்டுவதும் நீரைக் கொண்டே நிகழ்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. அராலியிற் கடல்நீரேரியைச் சேரும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஆகவே அபிடேகத்திற்கும் குடிப்பதற்கும் தோட்டத்து இறைப்பிற்கும் நிலத்தின் கீழுள்ள ஒரே நீர்தான்.

அந்நீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலே தங்கியுள்ளது. மாரி மழை மண்ணூடாக விரைந்து இறங்கிக் கிணற்றை நிரப்பும்போது, தோட்டத்தில் இட்டதன் மிச்சமும் கூடவே இறங்குகின்றது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். அது மண்ணில் நைத்திரேற்றாக மாறும். நைத்திரேற்றை மண் பிடித்து வைப்பதில்லை. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. வெங்காயமும் மிளகாயும் செறிவாகப் பயிரிடப்படும் பகுதிகளிற் பல கிணறுகள் இவ்வெல்லையைத் தாண்டியமை ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு இத்தகைய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றல் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்கவைத்தாற் போய்விடும் என்று எண்ணுவோர் பலர். கொதிக்கக் கொதிக்க நீர் வற்றி நைத்திரேற்றின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது.

உரத்தை ஒரேயடியாக விலக்குவதும் வழியன்று. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதை நாடறியும். அளவும் காலமுமே முக்கியம். யூரியாவை ஒரே தடவையிற் கொட்டாது, பயிரின் வளர்ச்சிக்கேற்பப் பங்கிட்டு இடலாம். பெருமழைக்கு முன் இடுவது காசை நீரிற் கரைப்பதாகும். அளவுக்கு மிஞ்சிய இறைப்பும் உரத்தை வேருக்குக் கீழே தள்ளிவிடும். பூவரசங்குழை தாழ்த்தல், பனையோலை புதைத்தல், சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் உழுது மடித்தல் என்பன முன்னோர் கையாண்டவை. அவை மெல்ல உக்குவதாற் பயிர் சிறிது சிறிதாக உண்ணும். மாட்டெருவாயினும் கிணற்றுக்கட்டின் அருகே குவித்தால் தீங்குதான். மருந்து தெளிகருவியைக் கிணற்றடியிற் கழுவுதல் அதனினும் கொடிது. வழுக்கையாற்றை அண்டிய வயற்காரர் கரையோரப் புல்லை உழாது விட்டால், அள்ளுண்டு வரும் மண்ணையும் உரத்தையும் அது ஓரளவு தடுத்துக்கொள்ளும்.

நைத்திரேற்றுக்கு நிறமோ மணமோ இல்லை. கைக்குழந்தை உள்ள வீட்டார் மாரி முடிந்ததும் கிணற்று நீரை ஆய்வுகூடத்திற் சோதிப்பித்து, முடிவு வரும்வரை குழந்தைக்குப் பாதுகாப்பான வேறு நீரைப் பயன்படுத்துதல் நன்று.