பத்து எப்படி இருபத்துநான்கு ஆனது?

கேள்வி: லினக்ஸ் கெர்னல் படிக்கிறேன். ஒரு ஸ்ட்ரக்டில் 1, 8, 1 பைட் என மூன்று உறுப்புகள். கூட்டினால் 10; கம்ப்யூட்டர் 24 என்கிறதே?
– வாசகர், பென்னாகரம், தருமபுரி மாவட்டம்

பதில்: 64 பிட் இயந்திரத்தில் 8 பைட் எண்ணை எட்டால் வகுபடும் முகவரியில்தான் கம்பைலர் வைக்கும். அதனால் முதல் பைட்டுக்குப் பின் 7 காலி. கடைசியிலும் 7, வரிசையில் அடுத்து வரும் ஸ்ட்ரக்டும் சரியான இடத்தில் தொடங்க வேண்டுமே! பெரியதை முதலில் எழுதுங்கள், 16 ஆகிவிடும். பாலக்கோட்டில் தக்காளிப் பெட்டி ஏற்றுகிறவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்படி பைட்டுகளை மிச்சம் பிடிப்பது கஞ்சத்தனம் அல்ல. ஒவ்வொரு 4,096 பைட் நினைவகப் பக்கத்துக்கும் கெர்னல் வழக்கமாக 64 பைட் ஸ்ட்ரக்ட் ஒன்றில் குறிப்பு வைக்கிறது. 16 ஜிபி நினைவகத்தில் அதுவே 256 எம்பி. காலி பைட்டுகளைத் துடைக்காமல் பயனர் நிரலுக்கு நகலெடுத்தால், உள்ளே கிடக்கும் பழைய தரவும் கசியும். ‘பாஹோல்’ கருவியை ஓட்டிப் பாருங்கள். ஓட்டைகளை வரிவரியாகக் காட்டும்.