புல்நிலம் காக்கும் விதிகளும் அவற்றின் மேற்பார்வையும்

நிலத்தை மூடி நிற்கும் புல்லும் கொடியும் மண்ணுக்கு ஆடை போன்றவை. அவ்வாடை கிழிந்தால் மழைநீர் மேல்மண்ணை வாரிச் சென்றுவிடும். பேராக் மாநிலத்தின் சரிவு நிலங்களில் பால்மரம் சீவியோர் இதனைக் கண்ணாரக் கண்டவர்கள். ஈப்போவையும் சிலிபினையும் சூழ்ந்திருந்த தோட்ட நிலங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. எனினும் சிறுதோட்டம் வைத்திருப்போரும் மாடு வளர்ப்போரும் நம்மிடையே இன்றும் உள்ளனர்.

நிலத்தைக் காக்க விதிகள் வேண்டும் என்பதை யாவரும் ஏற்பர். அவ்விதிகளை உழவர் பின்பற்றுகின்றாரா என்பதை எவ்வாறு அறிவது? அறிய முற்படுவது அவரை ஐயுறுவதாகுமா? இவ்விரு கேள்விகளையும் இங்கு ஆராய்வோம்.

சொந்தக் கண்ணே காவல்

தமிழகத்தில் காங்கேயம் வட்டாரத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, இடையிடையே வெள்வேல மரங்களை விட்டிருப்பர். புகழ்பெற்ற காங்கேயம் மாடுகள் மேய்ந்து வளர்வது இத்தகைய நிலங்களில்தான். ஒரு பகுதியில் மேய்ச்சல் முடிந்ததும் மாடுகளை அடுத்த பகுதிக்கு மாற்றுவர். மேய்ந்த பகுதி ஓய்வு பெற்று மீண்டும் தழைக்கும். நிலமும் மாடும் உழவருடையவை. முறை தவறினால் அடுத்த கோடையில் அவருடைய மாடே பட்டினி கிடக்கும். ஆகவே அங்கு அவர் கண்ணே காவல்.

பொதுப்பணமும் பொதுக்கண்ணும்

பொதுப்பணம் சேரும்போது நிலைமை மாறுகின்றது. சுவிட்சர்லாந்து நாட்டை எடுத்துக்கொள்வோம். இயற்கை வளம் காக்கும் புல்வெளிகளுக்கு அந்நாட்டு அரசு உழவர்களுக்கு உதவித்தொகை வழங்குகின்றது. அவ்வகைப் புல்வெளிகளில், தாழ்நிலமாயின் ஜூன் 15-ஆம் நாளுக்கு முன் புல்லை அறுத்தல் கூடாது. மலைப்பகுதிகளில் உயரத்திற்கேற்ப அந்நாள் ஜூலை 1 அல்லது ஜூலை 15 ஆகும். உரமிடுதலும் கூடாது. பூச்செடிகள் விதை உதிர்ப்பதற்கும், தரையில் கூடு கட்டும் பறவைகளின் குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறப்பதற்கும் அக்கால அவகாசம் தேவை.

இளம்புல்லே மாட்டுக்குச் சத்தானது. தாமதித்து அறுத்த புல்லில் நார் மிகும். இதனால் நேரும் இழப்பை ஈடுசெய்யவே உதவித்தொகை அளிக்கப்படுகின்றது. விதியை மீறி முன்னதாக அறுத்தவரும் அதே தொகையைப் பெறுவாராயின், விதியை மதித்து இழப்பை ஏற்றவர் ஏமாளியாகிவிடுவார். எனவே நேர்மையாளரின் பங்கைக் காப்பதே மேற்பார்வையின் முதற்கடமை.

மேற்பார்வையின் மூன்று வழிகள்

முதலாவது வழி, அதிகாரி நேரில் சென்று நிலத்தையும் உழவரின் குறிப்பேட்டையும் பார்வையிடுவது. ஆனால் அறுத்த நாளன்று அவர் அங்கிருப்பது அரிது.

இரண்டாவது வழி, விளைவை எண்ணிப் பார்ப்பது. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2000-ஆம் ஆண்டில் இம்முறையைக் கொணர்ந்தது. அப்போது குறிப்பிட்ட 28 செடிவகைகளுள் குறைந்தது நான்கேனும் புல்வெளியில் இருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. மூலைக்கு மூலை குறுக்காக நடந்து அவற்றை எண்ணுவர். எவ்வாறு பராமரிப்பது என்பதை உழவரே முடிவு செய்யலாம். செடி நின்றால் பணம் உண்டு. அதிகாரி வருமுன்னரே உழவர் தாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம் என்பது இதன் சிறப்பு.

மூன்றாவது வழி, வானிலிருந்து நோக்குவது. 2018-ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு சரிபார்க்க இடமளித்தது. புல் அறுபட்டதை அப்படங்கள் காட்டிவிடும். எனினும் மேகம் மறைத்தால் தெளிவிராது. புல்லிடையே உள்ள சிறு பூவையும் அவை காட்டா. ஆகவே நேரில் நடந்து பார்க்கும் தேவை நீங்கிவிடவில்லை.

நம் நாட்டு நிலை

இவை தொலைதூரத்துச் செய்திகள் என எண்ணுதல் வேண்டா. நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரப்பர் மறுநடவு நிதி அமைக்கப்பட்டது. ஏற்றுமதியாகும் ரப்பர் மீது பெறப்பட்ட வரியே அந்நிதிக்கு ஊற்று. பின்னர் 1973-இல் ரிஸ்டா தோன்றிச் சிறுதோட்டக்காரர்களின் மறுநடவுப் பணியை ஏற்றது. உதவித்தொகை ஒரே முறையில் கொடுக்கப்படவில்லை. நிலத்தைப் பார்வையிட்டுத் தவணைகளாகவே வழங்கப்பட்டது.

இளம் ரப்பர் நிரைகளுக்கிடையே புவேராரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய கொடிகளை வளர்ப்பது நாம் அறிந்ததே. அவை மண்ணரிப்பைத் தடுத்து, லாலாங் புல்லை அடக்கி, வேர் முடிச்சுகளால் தழைச்சத்தையும் சேர்க்கின்றன. மறுநடவு செய்த நிலத்தில் பால் எடுக்கச் சில ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். அவ்வருமானமற்ற காலத்தில் ஒரு தவணை தடைப்பட்டாலும் குடும்பம் தள்ளாடும்.

மேலும், ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய காடழிப்புத் தடைச் சட்டத்தில் மாட்டிறைச்சியோடு ரப்பரும் இடம்பெற்றுள்ளது. 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த ரப்பரை அச்சட்டம் ஏற்பதில்லை. விளைந்த நிலத்தின் அமைவிட விவரத்தையும் கோருகின்றது.

நாம் செய்ய வேண்டியவை

1. உதவி பெறுமுன் விதிகளை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுக. படிக்க இயலாதோர் பிள்ளைகளைக் கொண்டு படித்தறிக.

2. நட்ட நாள், களை வெட்டிய நாள், உரமிட்ட நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திடுக.

3. அதிகாரி வரும்போது உடன் நடந்து நிலத்தைக் காட்டுக. குறை கூறப்பட்டால் எந்த இடத்தில், என்ன குறை, எத்தனை நாளில் திருத்துவது எனக் கேட்டு எழுதிக்கொள்க.

4. முடிவு தவறெனத் தோன்றினால் குறிப்பேட்டுடன் மேல் அலுவலகத்தை அணுகுக.

மேற்பார்வை அச்சுறுத்துவதற்காக அன்று. முன்கூட்டி அறிவித்த விதி, கண்ணால் காணும் சான்று, திருத்திக்கொள்ள அவகாசம் ஆகிய மூன்றும் இருப்பின் அது உழைப்பாளிக்குத் துணையாகவே அமையும். நிலத்தில் நாம் செய்த பணிக்கு நிலமே சான்று கூறும். அச்சான்றை எடுத்துக்காட்ட ஆயத்தமாயிருப்போமாக.