தரைத் தகட்டில் துரு: ஒட்டுப் போடுவதா, முழுசாக மாற்றுவதா?

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய காரில் மிதியடியைத் தூக்கினால், நசநசவென்று ஈரமான கார்பெட்டும் அதற்கடியில் பொருக்குத் தட்டிய தகடும் கண்ணில் படுவது சகஜம். 2015 டிசம்பர் வெள்ளம் போன்ற ஒன்றில் மூழ்கி எழுந்த வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். டிங்கர் கடையில் ஒருவர், "ஃபைபர் போட்டுடலாம் சார்" என்பார். அடுத்த கடைக்காரர், "தரையையே வெட்டி எடுக்கணும்" என்பார். இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஓட்டை எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுங்கள்.

மாருதி 800, ஆல்டோ, ஸ்விஃப்ட் போன்ற கார்களுக்குத் தனி சேஸிஸ் கிடையாது. தரைத் தகடு, கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, சீட்டுக்கடியில் குறுக்கே போகும் கிராஸ் மெம்பர் எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. சீட்டும் சீட் பெல்ட்டும் போல்ட் ஆகியிருப்பது இவற்றில்தான். கால் வைக்கும் இடத்தின் நடுவில் உள்ளங்கை அளவு ஓட்டை இருந்தால்கூட நிதானமாக வேலை பார்க்கலாம். சீட் போல்ட்டைச் சுற்றி நாணயம் அளவுக்கு உளுத்திருந்தால் அந்த வண்டியை அப்படியே ஓட்டக் கூடாது. பொலிரோ மாதிரி ஏணி சேஸிஸ் மேல் பாடி உட்கார்ந்திருக்கும் வண்டியில் தரைத் தகட்டுக்கு அவ்வளவு பாரம் இல்லை. அங்கே பாடியை சேஸிஸோடு இணைக்கும் போல்ட் இடங்களைத்தான் பார்க்க வேண்டும்.

சோதனையை நீங்களே செய்யலாம். சீட்டைக் கழற்றி, கார்பெட்டை முழுக்க வெளியே எடுங்கள். தரையில் கம்பெனியிலேயே ஒட்டிய தார் ஷீட் இருக்கும். விளிம்பு தூக்கியிருக்கும் இடத்தில் பட்டிக் கத்தியால் நெம்பிப் பாருங்கள், தண்ணீர் ஒளிந்திருப்பது அங்கேதான். பிறகு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும். உளுத்த இடம் சொத்தென்று கேட்கும். அங்கே முனையை வைத்து அழுத்தினால் உள்ளே போய்விடும். அடியிலிருந்தும் இதேபோல் பார்த்த பிறகுதான் விலை பேச வேண்டும்.

முனை இறங்கவில்லை, மேலே மட்டும் துரு என்றால் வெல்டிங்கே வேண்டாம். கம்பி பிரஷ்ஷால் பொருக்கை முழுக்கச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் உள்ள ரஸ்ட் கன்வர்ட்டர் பூசி, காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர், பெயின்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பொருக்கின் மேலேயே பூசினால் பூச்சோடு சேர்ந்து அதுவும் உரிந்துவிடும்.

ஓட்டை விழுந்த தகட்டுக்கு ஃபைபரும் பட்டியும் எனக்குச் சம்மதமே இல்லை. பலம் தராது என்பது ஒரு குறை. ஓரத்துத் துருவை மூடி வைத்து, ஈரத்தையும் கூடவே பூட்டிவிடும் என்பது பெரிய குறை. தகடு வைத்து அலுமினிய ரிவெட் அடிப்பதும் நிலைக்காது. உப்பு ஈரத்தில் இரும்போடு சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். மழைக்காலம் முடியும்வரை தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க, பாரமில்லாத இடத்தில் தற்காலிகமாகச் செய்யலாம், அவ்வளவே.

பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது, உளுத்ததை வெட்டி எறிந்து புதுத் தகடு வெல்டிங் செய்வது. இதில் கடைக்காரரிடம் கறாராக இருங்கள். பழைய ஓட்டையின் மேலேயே தகட்டை வைத்து ஒட்டுவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பளபளப்பான நல்ல இரும்பு தெரியும்வரை வெட்ட வேண்டும். ஐந்து ரூபாய் நாணயம் அளவு தெரிந்த ஓட்டை உள்ளங்கை அளவாகிவிடும், அது நியாயம்தான். சாதாரணத் தரைப்பகுதிக்கு 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டர் சி.ஆர். ஷீட் போதும். கனமான தகடு பலம் என்று நினைக்காதீர்கள். பக்கத்திலுள்ள மெல்லிய தகடு சூட்டில் பொத்துப்போகும். ஜி.ஐ. ஷீட் என்றால் வெல்டிங் ஓரத்தில் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிட வேண்டும், பூச்சு எரிந்து வரும் புகை வேலை செய்பவருக்குக் காய்ச்சல் தரும். கேஸ் வெல்டிங் பெரிய பரப்பைச் சூடாக்கித் தகட்டைக் கோணலாக்கும். சி.ஓ.டூ வெல்டிங்கில் இங்கொன்று அங்கொன்றாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டுச் சேர்ப்பதே நல்லது. சீட் போல்ட் இருக்கும் இடத்தில் கம்பெனி கொடுத்த வலுத்தகட்டையும் அதே கனத்தில் திரும்ப வைக்க வேண்டும். பிரேக் பைப்பும் பெட்ரோல் லைனும் தரைக்கடியில்தான் ஓடுகின்றன. அவற்றை விலக்காமல், பேட்டரியைக் கழற்றாமல் ஒரு பொறிகூட விழக் கூடாது.

இரண்டு பக்கமும் போய், கிராஸ் மெம்பர் ஓரமும் அரித்திருந்தால் முழுத் தரையை மாற்றுவதுதான் வழி. சென்னையில் புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து வெட்டிய தரை கிடைக்கலாம். அதையும் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள், அதுவும் கடலோர வண்டியாக இருக்கக்கூடும். பழைய தரையை எடுக்கும் முன் கதவு வாசல்களுக்குக் குறுக்குக் கம்பி கொடுக்காவிட்டால் பாடி தொய்ந்து, பிறகு கதவு சாத்தாது. செலவு வண்டியின் சந்தை விலையைத் தாண்டிவிடலாம். பிரீமியர் பத்மினியோ கான்டெஸாவோ வைத்திருப்பவர் தாராளமாகச் செய்யட்டும். சாதாரண வண்டியில் கதவடிப் பெட்டிப் பகுதியும் சேர்ந்து உளுத்திருந்தால் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். துரு தேய்மானக் கணக்கில் போவதால் இன்ஷூரன்ஸில் பணம் வராது. 15 வருஷத்தில் ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது வண்டியைச் சோதனைக்குக் காட்டியாக வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எந்த வேலை என்றாலும், அண்டர் கோட்டிங் அடிக்கும் முன் வெல்டிங்கை அடியிலிருந்து உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். கறுப்புப் பூச்சு ஏறிவிட்டால் நல்லதும் கெட்டதும் ஒன்றாகத் தெரியும். ஈரம் எங்கிருந்து வந்தது என்பதையும் அப்போதே கண்டுபிடியுங்கள்: ஏசி தண்ணீர்க் குழாய் அடைப்பு, கண்ணாடி ரப்பர், கதவு பீடிங், வைப்பருக்கடியில் இலை சேர்ந்த வடிகால். கார்பெட்டைப் போடாமல் முன் கண்ணாடி மேல் ஹோஸ் பைப்பில் பத்து நிமிஷம் தண்ணீர் அடித்து, ஏசியையும் அரை மணி நேரம் ஓடவிட்டு, தரை காய்ந்தே இருந்தால்தான் மீதிக் காசைக் கொடுங்கள்.