நெட்டோட்டம்

ஓட்டம் மாந்தர்க்குப் புதியதன்று. பசித்த நாளில் இரைதேடி ஓடியும், பகை வந்த நாளில் உயிர்காக்க ஓடியும் வாழ்ந்த இனம் மாந்தரினம். நாகரிகம் வளர வளர வண்டிகளும் இயந்திரங்களும் மாந்தரைச் சுமக்கத் தொடங்கின. கால்கள் ஓய்வு பெற்றன. உடலோ நோய்க்கு உறைவிடமாயிற்று. இழந்த அவ்வோட்டத்தைத் தாமே விரும்பி மீட்டுக்கொள்ளும் முயற்சி இன்று பலவூர்களில் காணப்படுகிறது. பிழைப்புக்கென ஒரு தொழிலைச் செய்துகொண்டே, பொருளையும் பரிசையும் கருதாது, வைகறைப் பொழுதில் பழகி நெடுந்தொலைவு ஓடுவோர் உளர். அவர்தம் பயிற்சி எத்தகையது என்பதையும், அதனால் அவர் கற்பது யாது என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

நெடுந்தொலை ஓட்டங்களுள் தலையாயது மாரத்தான் என்பதாகும். மாரத்தான் என்பது கிரேக்க நாட்டில் உள்ள ஓரிடத்தின் பெயர். கி.மு. 490இல் பாரசீகர்க்கும் ஏதென்சு நகரத்தார்க்கும் அங்குப் பெரும்போர் நிகழ்ந்தது. வெற்றிச் செய்தியைச் சொல்ல ஒரு வீரன் ஏதென்சு வரை ஓடிவந்து, சொல்லி முடித்ததும் உயிர் துறந்தான் என்னும் கதை உலகெங்கும் வழங்குகிறது. எனினும் அப்போரை விரித்தெழுதிய ஏரோதோத்தசு இக்கதையைக் கூறவில்லை. போருக்கு முன்னர்த் துணைவேண்டி ஏதென்சிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடிய தூதன் ஒருவனையே குறிப்பிடுகிறார். வெற்றிச் செய்தியோடு உயிர் துறந்த கதை பிற்காலத்தார் எழுதியது.

அக்கதையின் நினைவாக, 1896ஆம் ஆண்டு ஏதென்சில் நடைபெற்ற இக்கால ஒலிம்பிக்கின் முதல் விழாவில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று சேர்க்கப்பட்டது. பிரெஞ்சு நாட்டு வீரர் லெர்முசியோ தொடக்கத்திலேயே பிறரைப் பின்தள்ளி விரைந்தார். ஆனால் அவர் எல்லையைக் காணவில்லை. அவ்விழாவில் 800 மீட்டரிலும் 1500 மீட்டரிலும் வென்ற ஆஸ்திரேலிய வீரர் பிளாக்கும் இறுதிக்குச் சில கிலோமீட்டர் முன்னர்ச் சோர்ந்து வீழ்ந்தார். தொடக்கத்தில் பின்தங்கித் தம் அளவறிந்து ஓடிவந்த கிரேக்கர் ஸ்பிரிடான் லூயி என்பவரே வெற்றி பெற்றார். விரைந்தவர் வீழ்ந்தனர், அளவறிந்தவர் வென்றார். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இவ்வோட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டராக அமைந்தது. 1921 முதல் அதுவே நிலையான அளவாயிற்று.

இத்தொலைவைச் சென்னை மக்களும் ஓடி வருகின்றனர். ‘சென்னை ரன்னர்ஸ்’ என்னும் குழு 2006ஆம் ஆண்டு தோன்றியது. அண்மை ஆண்டுகளில் சென்னை மாரத்தான் ஜனவரித் திங்களில் நடைபெற்று வருகிறது. அதற்கெனப் பழகுவோர் நகரின் தென்புறத்திலுள்ள தாம்பரம் பகுதியிலும் உளர்.

தாம்பரம் மூச்சுக்குப் பெயர்பெற்ற ஊர். நுரையீரல் நோயாளர் நல்ல காற்றை நாடி வந்து தங்கும் பொருட்டு 1928ஆம் ஆண்டு இங்கு ஒரு மருத்துவ நிலையம் நிறுவப்பட்டது. ‘சானடோரியம்’ என்று இன்றும் ஓர் இரயில் நிலையம் பெயர் தாங்கி நிற்பது அதனாலேயே. 1931ஆம் ஆண்டு கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. அதன்பின் நகரில் தொழில் செய்து இங்கு வாழ்வோர் பெருகினர். அன்று காட்டையும் ஏரியையும் அணியாகப் பூண்டிருந்த சிற்றூர், 2021ஆம் ஆண்டு மாநகராட்சியாயிற்று.

இப்பகுதியில் வாழ்ந்து ஓடிப் பழகுவோர் பலருடைய பட்டறிவைத் திரட்டி, ஒருவர் வடிவில் இங்கு நோக்குவோம். அவரை ‘அன்பர்’ என்றே அழைப்போம்.

அன்பர் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருப்பவர், நகரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர், அகவை நாற்பத்திரண்டு. ஒருநாள் காலையில் இரயில் புறப்படும் ஓசை கேட்டு நிலையத்தின் மேம்பாலப் படிகளில் விரைந்து ஏறினார். பாதிப் படியிலேயே மூச்சு முட்டிற்று. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். வண்டி போயிற்று. அவரைக் கடந்து சென்ற முதியவர் ஒருவர், “என்ன தம்பி, உடம்புக்கு முடியவில்லையா?” என்று பரிவோடு வினவினார். அச்சொல் அவர் உள்ளத்தில் தைத்தது. அவ்வாரமே மருத்துவரிடம் சென்றார். இரத்தத்தில் சர்க்கரை மிகத் தொடங்கியுள்ளது என்றும், உடலை இயக்காவிடின் விரைவில் நோயாளர் ஆவார் என்றும் மருத்துவர் எச்சரித்தார்.

மறுநாள் வைகறையில் அன்பர் ஓடப் புறப்பட்டார். ஒரு தெருவைக் கடப்பதற்குள் களைத்து நின்றார். நாற்பதைக் கடந்தபின் இது தகுமோ என்னும் ஐயம் எழுந்தது. இலண்டனில் வாழ்ந்த பௌஜா சிங் என்னும் பஞ்சாபியர் 2000ஆம் ஆண்டு தம் முதல் மாரத்தானை ஓடியபோது அவர்க்கு எண்பத்தொன்பது அகவை என்று நாளிதழில் படித்திருந்தது நினைவுக்கு வந்தது, ஐயம் அகன்றது. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என மாற்றி மாற்றிப் பழகினார். மூன்று திங்களில் 5 கிலோமீட்டரும், ஓராண்டில் 10 கிலோமீட்டரும் நில்லாது ஓடினார். உடல் இளைத்தது, சர்க்கரை அடங்கியது. அடுத்த ஜனவரி மாரத்தானுக்குத் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டார்.

பயிற்சிக்குரிய காலம் பதினெட்டு வாரம். செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாள்களில் குறைந்த தொலைவு, ஞாயிறன்று நெடுந்தொலைவு, எஞ்சிய நாள்கள் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் வாரந்தோறும் சிறிது சிறிதாக வளர்தல் வேண்டும். மூன்று வாரம் வளர்ந்தால் நான்காம் வாரம் குறைதல் வேண்டும். ஓடும்பொழுது அருகில் வருவோருடன் பேச இயலும் அளவுக்கே வேகம் இருத்தல் வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. பயிற்சியால் நெஞ்சும் மூச்சாற்றலும் விரைவில் வலுப்பெறும். எலும்பும் தசைநாண்களும் அவ்வளவு விரைவில் வலுப்பெறா. ஆகவே, மூச்சு ‘ஓடுக’ என்று சொல்லும். எலும்போ ‘பொறுக்க’ என்று சொல்லும். இரண்டனுள் மெல்லிய குரல் எலும்பின் குரலே. பல்லாண்டு ஓடிப் பழகிய முதியவர் ஒருவர் அன்பர்க்கு இதனையே சுருங்கச் சொன்னார்: “தம்பி, காலின் சொற்கேட்டு ஓடு, கைக்கடிகாரத்தின் சொற்கேட்டு ஓடாதே.”

அன்பர் கேட்டார், ஆயினும் மறந்தார். ஒன்பதாம் வாரத்து ஞாயிறன்று அவர் ஓட வேண்டிய தொலைவு 16 கிலோமீட்டர். சேலையூர், இராசகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஆகியவற்றைக் கடந்து வேளச்சேரி நோக்கிச் செல்லும் சாலையில் ஓடிக்கொண்டிருந்தார். இளைஞர் இருவர் அவரை எளிதாகக் கடந்து சென்றனர். அன்பரின் மானம் கிளர்ந்தது. விரைந்து ஓடி அவர்களை முந்தினார். மேடவாக்கத்தில் திரும்ப வேண்டியவர், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் கண்ணில் படும் வரை சென்று திரும்பினார். அன்று 24 கிலோமீட்டர் ஓடிவிட்டதாக வீட்டில் பெருமிதத்தோடு கூறினார். மாலையில் கணைக்காலில் சிறு வலி தோன்றிற்று. அதனையும் பொருட்படுத்தாது அடுத்த பத்து நாளும் ஓடினார். பதினோராம் நாள் காலூன்ற இயலவில்லை. எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகியுள்ளது என்றும், எட்டு வாரம் ஓடலாகாது என்றும் மருத்துவர் கூறினார்.

அன்றிரவு அன்பர் காலை நீட்டி வாளா அமர்ந்திருந்தார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் அருகில் வந்தாள்.

“அப்பா, அன்று நீங்கள் முந்தினீர்களே, அவர்கள் யார்?”

“தெரியாதம்மா.”

“அவர்களுக்காவது உங்களைத் தெரியுமா?”

அன்பர் விடை கூறவில்லை. அவ்வினா அவர் உள்ளத்தில் நெடுநேரம் நின்றது. நோயை வெல்லப் புறப்பட்டவர், யாரென்றறியாத ஒருவரை வெல்ல விழைந்து தம் காலையே இழக்க இருந்தார் என்பதை உணர்ந்தார்.

ஜனவரி வந்தது. அன்பர் ஓடவில்லை, ஆனால் வீட்டிலும் இருக்கவில்லை. சாலையோரத்தில் நின்று ஓடுவோர்க்குத் தண்ணீர்க் குவளை நீட்டும் தொண்டில் சேர்ந்தார். முன்னே விரைந்தோர் பறந்து போயினர். வெயில் ஏறியபின், நடந்தும் ஓடியும் கடைசியில் வந்தோரை அவர் கூர்ந்து நோக்கினார். அவர்கள் முகத்தில் தோல்வி இல்லை. ஒரு பெண்மணி குவளையைப் பெற்று, “நன்றி, அண்ணா” என்று சொல்லி, ஒரே சீராக அடியெடுத்து வைத்துச் சென்றார். எவரையும் முந்தாமல், எவரிடத்தும் தோற்காமல் செல்லும் செலவு அது. தாம் கற்க வேண்டியது ஓட்டமன்று, அடக்கமே என்று அன்பர் தெளிந்தார்.

அவ்வாண்டு செப்டம்பரில் மீண்டும் பயிற்சி தொடங்கிற்று. ஜனவரி ஓட்டத்திற்குப் பழகுவோர் வடகிழக்குப் பருவமழைக் காலத்தைக் கடந்தே தீர வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தாம்பரத்தைச் சூழ்ந்த தாழ்ந்த பகுதிகளில் நீர் தேங்கும். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரை மூழ்கடித்ததை இப்பகுதி மக்கள் மறந்திலர். நீர் மூடிய சாலையில் பள்ளம் எது, மேடு எது என்று அறிதல் அரிது. முந்தைய ஆண்டாயின் அன்பர் அதிலும் ஓடியிருப்பார். இம்முறை மழைநாளில் வீட்டு மாடிப்படிகளில் ஏறி இறங்கினார். பெருமழை நாளில் ஓய்ந்திருந்தார். ஓய்வும் பயிற்சியே என்பதை உடல் அவர்க்கு முன்னரே கற்பித்திருந்தது. இளைஞர் பலர் அவரைக் கடந்து சென்றனர். அவர் புன்னகையோடு ஒதுங்கி வழிவிட்டார். டிசம்பர் நடுவில் 32 கிலோமீட்டர் ஓடினார். அதன்பின் மூன்று வாரம் தொலைவைக் குறைத்துக்கொண்டே வந்து உடலுக்கு இளைப்பாறுதல் தந்தார்.

ஓட்டநாள் வந்தது. விடியுமுன் ஓட்டம் தொடங்கிற்று. முதல் 10 கிலோமீட்டரில் பெருங்கூட்டம் அவரை விட்டு முன்னே சென்றது; அவர் கலங்கவில்லை. கடற்கரை நகராகிய சென்னையின் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் உலராது. ஆதலின் உடற்சூடு தணியாது. அன்பர் தாகத்திற்கேற்ப நீரும், இடையிடையே உப்புக் கலந்த நீரும் பருகினார். நீரைக் குறைப்பதும் தீது. அளவின்றிப் பருகி இரத்தத்திலுள்ள உப்பைக் குறைத்துக்கொள்வதும் தீது.

முப்பதாவது கிலோமீட்டரைக் கடந்ததும் கால்கள் கல்லாயின. உடல், தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைத்த மாச்சத்தைக் கொண்டே பெரிதும் ஓடுகிறது. பலர்க்கு ஏறத்தாழ இவ்விடத்தில் அச்சேமிப்பு தீர்ந்துபோகும். அறிவு, ‘நின்றுவிடு’ என்றது. பழைய மானம், ‘இன்னும் விரைந்து ஓடு’ என்றது. அன்பர் இரண்டனுக்கும் செவிசாய்க்கவில்லை. கணைக்காலில் வலியுண்டோ என்று காலைக் கேட்டார். வலியில்லை, சோர்வே உண்டு. சோர்வு பொறுக்கத்தக்கது, வலி மதிக்கத்தக்கது. இவ்வேறுபாட்டை அறிவதற்கே அவர்க்கு ஈராண்டு ஆயிற்று. சிறிது நடந்தார், வாழைப்பழமும் இனிப்பும் உண்டார், மீண்டும் மெல்ல ஓடினார். ஐந்து மணி நேரத்திற்கு மேலாகி எல்லையை அடைந்தார். அங்கே நின்ற மகள் ஓடிவந்து கையைப் பற்றிக்கொண்டாள்.

“அப்பா, இன்று யாரை முந்தினீர்கள்?”

“ஒருவரையும் இல்லை, அம்மா” என்றார் அன்பர். அவர் முகம் மலர்ந்திருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. அன்பர் வழக்கம்போல் தாம்பரம் நிலையத்தின் மேம்பாலப் படிகளில் ஏறினார். தொடைகள் வலித்தமையால் கைப்பிடியைப் பற்றி மெல்லவே ஏறினார். இரயில் புறப்படும் ஓசை கேட்டது. அவர் விரையவில்லை, அடுத்த வண்டிக்குக் காத்திருந்தார்.

முயற்சி வேண்டும் என்று உலகம் ஓயாது கூறுகிறது, அது மெய்யே. ஆயினும் முயற்சிக்கு அளவு வேண்டும் என்பதையும் நாம் கற்றல் வேண்டும். நெடுந்தொலை ஓட்டத்திற்குக் கூறிய இம்முறை கல்விக்கும் பொருந்தும். தேர்வுக்கு முன்னாளில் கண்விழித்து ஓராண்டுப் பாடத்தை ஓரிரவில் விழுங்க முயல்வோன், முதற்கண் விரைந்து இடையில் வீழ்ந்த ஓட்டக்காரனை ஒப்பான். நாள்தோறும் சிறிது கற்று, கற்றதை உள்ளத்தில் ஊறவிட்டு, அருகிருப்போனை நோக்கிப் பொறாமை கொள்ளாது செல்வோனே எல்லையை அடைவான். மாணவர்களே! உடலையும் அறிவையும் நாள்தோறும் பழக்குங்கள். ஓட வேண்டிய இடத்தில் ஓடுங்கள். நிற்க வேண்டிய இடத்தில் நில்லுங்கள்.