ஆறு பாட்டில், ஒரே மேசை: எதை எதோடு ஒப்பிடுவது?

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பர்கள் நாங்கள். வெளிநாடு போய் வருகிறவர்கள் வாங்கி வந்து எங்களிடம் ஆறு விஸ்கி சேர்ந்திருக்கிறது: ஸ்காட்லாந்தின் கிளென்மோரஞ்சி, லஃப்ராய்க் 10, அயர்லாந்தின் ரெட்பிரெஸ்ட் 12, அமெரிக்காவின் மேக்கர்ஸ் மார்க், ஜப்பானின் யமஸாக்கி 12, நம்மூர் அம்ருத் ஃப்யூஷன். போன மாதம் எல்லாவற்றையும் ஒரே இரவில் ஊற்றிப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டோம். நான்காவது கிளாசுக்கு மேல் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. லஃப்ராய்க் வந்ததும் ஒரு நண்பர் “ஆஸ்பத்திரி வாசம்” என்று தள்ளிவிட்டார். இந்திய விஸ்கி ஸ்காட்சுக்கு ஈடாகுமா என்ற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. லேபிளில் வயதே போடாத அம்ருதை 12 வருட விஸ்கியோடு ஒப்பிடுவது நியாயமா? முறையாகச் சுவைத்துப் பார்ப்பது எப்படி?
— வாசகர், பெங்களூரு

பதில்: ஐந்து நாடுகளை ஒப்பிட்டதாக நினைக்கிறீர்கள். உண்மையில் தானியம், மரம், புகை, வெப்பம், சாராயத்தின் வலு எல்லாவற்றையும் ஒரே இரவில் ஒன்றோடொன்று மோதவிட்டிருக்கிறீர்கள். எந்தச் சுவை எதிலிருந்து வந்தது என்று தெரியாத நிலையில் பத்துக்கு எட்டு, பத்துக்கு ஆறு என்று போடும் மதிப்பெண்ணுக்குப் பொருள் கிடையாது. ஆறையும் ஒருசேரத் திறக்காதீர்கள். இரண்டிரண்டாக, அதிகம் போனால் மூன்றாக எடுங்கள். ஜோடி சேர்க்கும்போது முடிந்தவரை ஒரே ஒரு அம்சம் மட்டும் மாறுபடும்படி பாருங்கள்.

முதலில் பீப்பாய். வடித்து இறக்கும்போது எல்லா விஸ்கியும் தண்ணீர் மாதிரி நிறமற்றுத்தான் இருக்கிறது. நிறமும் மணத்தின் பெரும்பகுதியும் ஓக் மரத்திலிருந்து வருபவை. (நிறத்தை மட்டும் வைத்து வயதை ஊகிக்க வேண்டாம், ஸ்காட்சில் கேரமல் நிறமி சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது.) அமெரிக்கச் சட்டப்படி, மேக்கர்ஸ் மார்க் போன்ற பர்பன் விஸ்கியில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும், உட்புறம் கருக்கிய புத்தம்புது ஓக் கலனில்தான் அதை ஊற வைக்க வேண்டும். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் மறுபடி பர்பனுக்கு ஆகாது. அதனால் அவை கப்பலேறி ஸ்காட்லாந்து, அயர்லாந்து, ஜப்பான், இந்தியா என்று போகின்றன. லஃப்ராய்க் வடிசாலை பல ஆண்டுகளாகப் பெருமளவில் வாங்கிவருவது மேக்கர்ஸ் மார்க் காலி செய்த பீப்பாய்களைத்தான். ஆக, எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நீங்கள் நினைத்த இரண்டு பாட்டில்கள் ஒரே மரத்தின் முதல் வாழ்வும் மறுவாழ்வும்.

முதல் இரவுக்கு இந்த ஜோடியையே வையுங்கள். மேக்கர்ஸ் மார்க்கில் வெனிலா, பாகு, தேங்காய் வாசம் முகத்தில் அறைகிற மாதிரி வரும். புது மரம் தன்னிடம் உள்ளதையெல்லாம் கொடுத்துவிடுகிறது. பிறகு லஃப்ராய்க்கை எடுத்து, புகைக்குப் பின்னால் அதே வெனிலா மெல்லியதாக இருக்கிறதா என்று தேடுங்கள். உங்கள் நண்பர் சொன்ன ஆஸ்பத்திரி வாசம் சரியான கணிப்பு, அவரைக் கேலி செய்ய வேண்டாம். லஃப்ராய்க் இருக்கும் ஐலா தீவில் மரம் குறைவு, சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் பீட் என்ற கரிமண் ஏராளம். முளைகட்டிய பார்லியை அந்தப் புகையில் உலர்த்தும்போது பீனால் வகைச் சேர்மங்கள் அதில் ஏறிக்கொள்கின்றன. கிருமிநாசினிகளிலும் டிஞ்சரிலும் நாம் பழகிய வாசத்தின் உறவு அது. லஃப்ராய்க் பார்லியில் இந்த அளவு பத்து லட்சத்தில் 40 முதல் 45 பங்கு. இது முளைகட்டிய பார்லியில் எடுக்கும் கணக்கு. வடிக்கும்போது அதில் கணிசமாகக் குறைந்துவிடும். எனவே இந்த எண் பெரிதாக இருக்கிற பாட்டிலெல்லாம் அதே விகிதத்தில் புகையும் என்று நம்பி வாங்காதீர்கள். எது எப்படியானாலும் புகை விஸ்கியை அன்றைய இரவின் கடைசிக் கிளாசாக வையுங்கள். அது நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொண்டால் அதற்குப் பின் எதை ஊற்றினாலும் வீண்.

இரண்டாவது இரவு கிளென்மோரஞ்சியும் ரெட்பிரெஸ்டும். முன்னது முழுக்க முளைகட்டிய பார்லி, 5 மீட்டரைத் தாண்டும் நெடுங்கழுத்துச் செப்புக் கலங்களில் வடிப்பது. எடை குறைந்த, பழ மணமுள்ள ஆவிதான் அந்த உயரத்தைத் தாண்டி வரும். ரெட்பிரெஸ்டில் முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத பச்சைப் பார்லியும் சேர்கிறது, மூன்று முறை வடிக்கிறார்கள். 1785-இல் முளைகட்டிய தானியத்துக்கு விதித்த வரியிலிருந்து தப்பிக்க அயர்லாந்துக்காரர்கள் பிடித்துக்கொண்ட வழி பச்சைப் பார்லி என்று சொல்லப்படுகிறது. வரி போய்விட்டது, சுவை தங்கிவிட்டது. அந்தப் பச்சைப் பார்லி தரும் எண்ணெய்ப் பதமும் மெல்லிய மசாலா உறைப்பும் வேறெங்கும் எளிதில் கிடைக்காதவை. எனக்குப் பிடித்த வகை எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: ரெட்பிரெஸ்ட் 12 ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய்களிலும் ஊறியது. உலர்திராட்சை, பேரீச்சை வாசம் அங்கிருந்து வருகிறது. அதை அயர்லாந்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

யமஸாக்கியை ஸ்காட்சுக்குப் பக்கத்தில் வைப்பதற்கு வரலாறே இடம் தருகிறது. மசடகா தகெட்சுரு 1918-இல் ஸ்காட்லாந்து போய் வடிசாலைகளில் வேலை கற்று, ரீட்டா கோவன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணை மணந்து ஊர் திரும்பினார். ஷின்ஜிரோ டொரீ 1923-இல் யமஸாக்கியைத் தொடங்கியபோது அதைக் கட்டி எழுப்பியவர் தகெட்சுருதான். ஸ்காட்லாந்தில் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியின் விஸ்கியை வாங்கிக் கலப்பது சாதாரணம். ஜப்பானில் போட்டிக் கம்பெனிகளுக்குள் அந்தப் பரிமாற்றம் வழக்கமில்லாததால் ஒரே வடிசாலை பல வகைக் கலங்களில், பல வகைப் பீப்பாய்களில் பல குணமுள்ள சாராயம் செய்யப் பழகிக்கொண்டது. அமெரிக்க ஓக், ஸ்பானிய ஓக், ஜப்பானின் மிஸுனாரா ஓக் மூன்றும் யமஸாக்கி 12-இல் உண்டு. மிஸுனாரா சந்தனத்தையும் அகிலையும் நினைவூட்டும் என்பார்கள். இந்த மணத்தைப் பிடிக்க நம்மூர் மூக்குகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி உங்கள் சண்டைக்கு வருகிறேன். லேபிளில் உள்ள வயது, பாட்டிலில் கலந்தவற்றில் இளையதன் வயது. அதைத் தரத்தின் மதிப்பெண்ணாகப் படிப்பது நெடுநாள் பழக்கதோஷம். ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. பெங்களூரில் அது 10 முதல் 12 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 ஆண்டில் அங்கே ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறையும், 5 ஆண்டிலேயே இங்கே பாதியை நெருங்கிவிடும். தேவதைகளின் பங்கு என்று ஸ்காட்லாந்தில் செல்லமாகச் சொல்லும் இந்த இழப்பை வைத்துத்தான் அம்ருத் தன் 8 ஆண்டு விஸ்கிக்குப் ‘பேராசைத் தேவதைகள்’ என்று பொருள்படும் கிரீடி ஏஞ்சல்ஸ் என்ற பெயரை வைத்தது. இந்த வெப்பத்தில் பன்னிரண்டு வருடம் விட்டுவைத்தால் மரத்தின் கசப்புதான் மிஞ்சும் ஆபத்து. ஆகவே வயது போடாதது குறையல்ல, இந்த ஊருக்கு அதுவே பொருத்தம். அதற்காக “இங்கே ஒரு வருடம் அங்கே மூன்று வருடம்” என்ற விற்பனைப் பேச்சையும் நான் ஏற்கமாட்டேன். வெப்பம் மரத்தின் சாரத்தை விரைந்து இழுக்கும். காற்றோடு மெல்லக் கலந்து பல ஆண்டுகளில் வரும் மாற்றம் அதே வேகத்தில் நடப்பதில்லை. முளைகட்டிய பார்லியில் செய்த நல்ல இந்திய மால்ட்டின் அழகு அதன் தடித்த பழச்சுவையிலும் மரத்தின் காரத்திலும் இருக்கிறது. முதிர்ந்த ஸ்காட்சின் மெலிவை அதில் தேடுவது இரண்டுக்கும் அநீதி.

ஈடாகுமா என்ற கேள்விக்கு வெளியிலிருந்தும் விடை வந்தாகிவிட்டது. அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை 2004-இல் அறிமுகப்படுத்தியது கிளாஸ்கோவில். விஸ்கி பைபிள் என்ற வழிகாட்டி நூலின் 2010 பதிப்பில் விமர்சகர் ஜிம் முர்ரே ஃப்யூஷனை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கியாக வைத்தார். ஆனால் அந்தப் பாட்டிலை வைத்து இந்தியாவையும் ஸ்காட்லாந்தையும் மோதவிட முடியாது. அதன் பார்லியில் கால் பங்கு ஸ்காட்லாந்திலிருந்து வரும் புகையேற்றிய பார்லி. நீங்கள் முகர்ந்த புகை அங்கிருந்து வந்தது. இன்னொன்று, நம் நாட்டில் விஸ்கி என்று விற்பவற்றில் பல, மொலாசஸிலிருந்து எடுத்த சாராயத்தில் கொஞ்சம் மால்ட் கலந்தவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. ‘இந்திய விஸ்கி’ என்று பொதுவாகச் சொல்லிச் சண்டை போடும்போது அவரவர் எதை மனதில் வைத்திருக்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவைக்கும் முறை. ஃப்யூஷன் 50 சதவீதம், மேக்கர்ஸ் மார்க் 45, மற்றவை 40-இலிருந்து 43-க்குள். வலு கூடியது எப்போதும் ‘கனமானது’ என்ற மயக்கத்தைத் தரும். எல்லாவற்றையும் 40-க்குக் கொண்டுவாருங்கள்: 15 மி.லி. ஃப்யூஷனுக்குக் கிட்டத்தட்ட 4 மி.லி. தண்ணீர், மேக்கர்ஸ் மார்க்குக்கு 2. மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்ச் இதற்கு வசதி. தண்ணீர் சேர்த்தால் பாழாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். புகை மணம் தரும் குவாயகால் என்ற சேர்மம், வலுக் குறையும்போது மேற்பரப்புக்கு வந்து சேர்கிறது என்று 2017-இல் சுவீடனின் லினேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி மாதிரிகளில் காட்டினார்கள். கலவை வல்லுநர்கள் 20 சதவீதம்வரை நீர்த்து முகர்வது வழக்கம். ஐஸ் மட்டும் வேண்டாம், குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும். வெயில் காலமென்றால் பாட்டிலைக் கொஞ்சம் குளிர்ந்த அறையில் வைத்திருங்கள். சூட்டில் சாராய நெடி முந்திக்கொண்டு மூக்கை எரிக்கும்.

வாய் குறுகிய டியூலிப் கிளாஸ் நல்லது. சின்ன ஒயின் கிளாஸ் போதும். வாயை லேசாகத் திறந்துகொண்டு முகருங்கள். அறையில் ஊதுபத்தி, மல்லிகை, சென்ட் எதுவும் வேண்டாம். கார மிக்சரைக் கடைசிக் கிளாஸ் முடியும்வரை அலமாரியிலேயே வையுங்கள். மிளகாயின் எரிச்சலும் சாராயத்தின் எரிச்சலும் நாக்கில் ஒரே உணர்வியைத்தான் தூண்டுகின்றன. தோன்றுவதை உங்கள் சொந்த வாசங்களிலேயே எழுதுங்கள். கருப்பட்டி, பலாச்சுளை, ஜாதிக்காய், ஈர மண் என்று எழுதினால் அடுத்த மாதம் படிக்கும்போதும் புரியும். புத்தகத்தில் பார்த்த ‘ஹெதர் பூ’வை எழுதினால் புரியாது. ஒருவருக்கு ஒரு கிளாசுக்கு 15 மி.லி. போதும், துப்புவதற்கு ஒரு கிண்ணம் இருக்கட்டும், யாரும் வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்பக் கூடாது.

மதிப்பெண்ணுக்குப் பதிலாக முக்கோணச் சோதனை செய்யுங்கள். ஒருவர் மறைவில் மூன்று கிளாஸ் ஊற்ற வேண்டும்: இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் வேறு. எது ஒற்றை என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும் என்பதால் பலமுறை, பல நாட்களில் செய்ய வேண்டும். கிளென்மோரஞ்சியையும் யமஸாக்கியையும் இப்படிப் பிரிக்கத் தெரியாதவரை எது உயர்ந்தது என்று வாதிடுவதில் அர்த்தமில்லை.

நாடுகளை, அல்லது அவற்றின் தட்பவெப்பத்தை, நிஜமாகவே ஒப்பிட ஆசையென்றால் இரண்டு பாட்டில் வாங்குங்கள்: கோவாவின் பால் ஜான் பிரில்லியன்ஸ், தைவானின் கவலான் எக்ஸ்-பர்பன் ஓக். கையிலிருக்கும் கிளென்மோரஞ்சியோடு சேர்த்தால் மூன்றும் முளைகட்டிய பார்லி, மூன்றும் பர்பன் இருந்த பீப்பாய், மூன்றிலும் புகை இல்லை. மிஞ்சும் பெரிய வேறுபாடு ஊரின் வெப்பம்தான். புதிய இரண்டும் 46 சதவீதம், 15 மி.லி.க்கு 2 மி.லி.க்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் விட்டால் சமமாகிவிடும். கிளென்மோரஞ்சியை முதலில் எடுங்கள். கோவாவையும் தைவானையும் எந்த வரிசையிலும் வைக்கலாம்.